65 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு ஆட்டம்

முட்டுக்காடு பாலம் தாண்டி உத்தண்டி டோல்கேட்டை நெருங்கும்போதுதான் முதலில் கவனித்தேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் (ஈசிஆர்) புதுச்சேரியிலிருந்து சென்னைக்கு பைக்கில் திரும்பிக்கொண்டிருந்தேன். பின்சீட்டின் இரண்டு பக்கமும் பை, மேலே டாப் பாக்ஸ். 80இல் வந்த வண்டி, ஆக்சிலரேட்டரை விட்டதும் மெல்ல வேகம் இறங்கி 70க்குக் கீழே வந்தது. அப்போது ஹேண்டில் பார் நடுங்க ஆரம்பித்தது. இடது கை ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கப் போயிருந்தது. பதறி அதையும் பிடியில் வைத்தேன், நின்றுவிட்டது. 50க்குக் கீழே வண்டி எதுவுமே நடக்காததுபோல சமர்த்தாக ஓடியது.

மறுநாள் மெக்கானிக் கேட்ட மாத்திரத்தில் சொல்லிவிட்டார்: "கோன் செட் போயிருக்கும் சார்." ஹேண்டில் திரும்பும் கழுத்திலுள்ள பேரிங்கைத்தான் சொன்னார். வண்டியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. சரி என்று மாற்றினோம். ஆட்டம் குறைந்தது, ஆனால் போகவில்லை. அதற்கு அப்புறம்தான் உட்கார்ந்து இதன் இயற்பியலைப் படித்தேன்.

சூப்பர் மார்க்கெட்டில் தள்ளுவண்டியின் முன்சக்கரம் சில நேரம் தடதடவென்று இடமும் வலமும் அடித்துக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். பைக்கில் நடப்பதும் அதே குடும்பத்துச் சமாச்சாரம்தான். ஹேண்டில் திரும்பும் அச்சைக் கற்பனையாகத் தரைவரை நீட்டினால், டயர் தரையைத் தொடும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் போய்த் தொடும். இந்த இடைவெளிக்கு டிரெயில் என்று பெயர். பெரிய பைக்குகளில் இது சுமார் 10 சென்டிமீட்டர். சக்கரம் இடப்பக்கம் திரும்பினால் தரை அதைத் திரும்ப நடுவுக்குத் தள்ளும். நெடுஞ்சாலையில் வண்டி தானாக நேராகப் போவதற்கு இந்த டிரெயில் ஒரு முக்கியக் காரணம்.

சிக்கல் என்னவென்றால், டயர் ரப்பர். சக்கரம் திரும்பிய கணத்திலேயே பக்கவாட்டு விசை முழுதாக வந்துவிடாது. டயர் கொஞ்ச தூரம் உருண்டால்தான் ரப்பர் முறுக்கிக்கொண்டு விசை சேரும். அதாவது, நடுவுக்குத் தள்ளும் விசை எப்போதும் ஒரு நொடித்துளி தாமதமாக வருகிறது. அது வந்து சேர்வதற்குள் சக்கரம் நடுவைத் தாண்டத் தொடங்கியிருக்கும். தாண்டிப் போகிற ஊஞ்சலை முதுகில் கைவைத்துத் தள்ளிவிடுவதுபோல, தாமதமான தள்ளல் ஆட்டத்தைக் கூட்டிவிடுகிறது.

1971இல் ராபின் ஷார்ப் என்ற பிரிட்டிஷ் பொறியியலாளர், டயரின் இந்தத் தாமதத்தையும் சேர்த்து மோட்டார் சைக்கிளின் சமன்பாடுகளை எழுதினார். ஓடும் பைக்குக்கு இரண்டு விதமான ஆட்டங்கள் உடன்பிறந்தவை என்று அதில் தெரிந்தது. ஒன்று, முன்பாகம் மட்டும் வேகமாக உதறுவது. இதுதான் வாபிள். இன்னொன்று, வண்டி மொத்தமும் பாம்புபோல நெளிவது, வீவ். வாபிள் பெரும்பாலும் வினாடிக்கு 6 முதல் 10 தடவை அடிக்கும். வீவ் நிதானமானது, வினாடிக்கு 2 முதல் 4 தடவை. அது பொதுவாக அதிக வேகத்தில் வரும்.

எனக்கு இதில் பிடித்தது "உடன்பிறந்தவை" என்பதுதான். ஆட்டம் புதிதாக வந்த நோய் அல்ல. ஷோரூமிலிருந்து வந்த அன்றும் அது வண்டிக்குள் இருந்தது. டயர், பேரிங், முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க், உங்கள் கைகள் எல்லாம் ஆளுக்குக் கொஞ்சமாக அதன் சக்தியை உறிஞ்சி அடக்கிவைத்திருந்தன. இதைத் தணிப்பு என்பார்கள். எனவே எது கெட்டது என்பதைவிட, தணிப்பு எங்கெங்கே கசிந்தது என்று தேடுவதுதான் சரியான வழி.

அது ஏன் சரியாக 65 வாக்கில் வருகிறது? பைக்கின் முன் டயர் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2 மீட்டர் உருளும். 65 கிலோமீட்டர் வேகம் என்றால் வினாடிக்கு 18 மீட்டர். அதாவது சக்கரம் வினாடிக்கு 9 சுற்று. மேலே சொன்ன 6 முதல் 10க்குள் அப்படியே விழுகிறது. சக்கரத்தில் ஒரு பக்கம் எடை கூடுதலாக இருந்தாலோ, ரிம் பெண்டாக இருந்தாலோ, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு உதை. அந்த உதையும் வண்டியின் சொந்தத் தாளமும் 65இல் ஒத்துப்போகின்றன. 90இல் ஓட்டினால் தாளம் தப்பிவிடும், ஆட்டமும் மறைந்துவிடும். ஆக்சிலரேட்டரை விட்டு வேகம் இறங்கும்போது அந்த எல்லையை மெதுவாகக் கடப்பதால் நன்றாகத் தெரிகிறது.

இனி சோதனை. (கையை விட்டு ஓட்டிப் பார்ப்பது சோதனை ஆகாது. அன்று நான் ஒற்றைக் கையில் ஓட்டியதே தப்பு.) டபுள் ஸ்டாண்ட் போட்டு, பின்னால் யாரையாவது அழுத்தச் சொல்லி முன்சக்கரத்தைத் தூக்குங்கள். ஃபோர்க்கின் அடிப்பாகத்தை இரு கைகளாலும் பிடித்து முன்னும் பின்னும் இழுத்துத் தள்ளுங்கள். 'டக் டக்' என்று ஆடினால் கோன் செட் லூஸ். அப்புறம் ஹேண்டிலை ஒரு விரலால் மெதுவாக இடமும் வலமும் திருப்புங்கள். நடுவில் வரும்போது ஒரு குழியில் உட்காருவதுபோல நின்றால், ரேஸில், அதாவது பேரிங்கின் பால்கள் (இரும்புக் குண்டுகள்) ஓடும் வளையத்தில், பள்ளம் விழுந்திருக்கிறது. ஈசிஆர் மாதிரி நேர்ச்சாலையிலேயே ஓடும் வண்டியில் பால்கள் எப்போதும் ஒரே இடத்தில்தான் நிற்கும். மெட்ரோ வேலைக்காகத் தோண்டிய ரோட்டின் ஒவ்வொரு குழியும் அதே புள்ளியில் சுத்தியலால் அடிக்கும். போதாததற்கு, வாட்டர் சர்வீஸில் பிரஷர் கன்னை நேராக அங்கே பிடித்தால் கிரீஸும் போய்விடும்.

ஆனால் லூஸ் என்று தெரிந்ததும் நட்டை அளவுக்கு மீறி முறுக்கிவிடக் கூடாது. ஹேண்டில் இறுகினால் சக்கரத்தால் தன்னைத்தானே திருத்திக்கொள்ள முடியாது. மெதுவாகப் போகும்போது வண்டி குடிகாரன்போல அலையும்.

அடுத்தது டயர். கண்ணால் பார்ப்பதைவிடக் கையால் தடவிப் பார்ப்பது நல்லது. ஒரு திசையில் வழவழப்பாகவும் எதிர்த்திசையில் ரம்பம்போலவும் இருந்தால் டயர் பட்டனின் கட்டைகள் சாய்வாகத் தேய்ந்திருக்கின்றன. நடுப்பகுதி தட்டையாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத் தயாரிப்பு. பட்டன் நிறைய இருந்தாலும் வயதான ரப்பர் இறுகிப்போயிருக்கும். காற்றை டயர் சூடாவதற்கு முன் பாருங்கள். குறைந்த காற்றுக்கு மட்டுமே இந்த ஆட்டம் வந்து, வீணாகப் பாகம் மாற்றியவர்கள் உண்டு.

மற்றதெல்லாம் சில நிமிட வேலை. சக்கரத்தை இரு பக்கமும் பிடித்து உலுக்கினால் வீல் பேரிங் தெரியும். ஃபோர்க்கில் ஒரு குச்சியைக் கட்டி ரிம்மை ஒட்டி நிறுத்திச் சுழற்றினால் பெண்டு தெரியும். 2 மில்லிமீட்டருக்கு மேல் விலகினால் சரிசெய்ய வேண்டியதுதான். ஸ்போக்ஸ் சக்கரமென்றால் கம்பிகளைத் தட்டிப் பாருங்கள், லூஸான கம்பி மந்தமாக ஒலிக்கும். கீழே விழுந்த வண்டியா? ஃபோர்க் கிளாம்ப்புக்குள் லேசாகத் திருகியிருக்கலாம்.

பெட்டியும் பையும் தனிக்கதை. பின் அச்சுக்கும் பின்னால் வைக்கும் எடை முன்சக்கரத்தின் பாரத்தைக் குறைக்கிறது. காலி வண்டியில் ஆட்டம் இல்லை, மூட்டை கட்டினால் வருகிறதென்றால் கனமானவற்றைப் பக்கப் பைகளில், முடிந்தவரை கீழேயும் முன்னேயும் வையுங்கள்.

ஹேண்டிலின் ஆட்டத்தைத் தணிக்கும் ஸ்டியரிங் டேம்பர் என்ற பாகத்தைப் போட்டால் தீர்ந்துவிடும் என்று ஆலோசனை சொல்பவர்கள் இருப்பார்கள். வாபிள் அடங்கும், உண்மைதான். ஆனால் அதிவேகத்தில் வரும் வீவை அது மோசமாக்கக்கூடும் என்பதும் கணக்கில் வருகிறது. காரணத்தைத் தேடி முடிக்கும் முன் அதை வாங்குவதை நான் ஏற்கவில்லை.

ரோட்டிலேயே ஆட ஆரம்பித்தால்? பிடியை விடாதீர்கள், இறுக்கிப் பிடித்து மல்லுக்கட்டவும் வேண்டாம். உடலைக் கொஞ்சம் முன்னால் சாய்த்து, முன் பிரேக்கை அழுத்தாமல் வேகத்தை மெதுவாகக் குறையுங்கள்.

என் வண்டியில் முன் டயரைத் தடவியதும் ரம்பம் கையில் தட்டுப்பட்டது. சென்னையில் வண்டி உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு போய்ப் புது டயர் போட்டு, பேலன்ஸ் பார்த்தேன். அதே மூட்டையோடு ஈசிஆரில் 80இலிருந்து இறங்கினேன், 65இல் ஒரு நடுக்கமும் இல்லை. மெக்கானிக் ஊகத்தில் தவறிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். அவர் கழற்றித் தந்த பழைய கோன் செட் ஒரு பிளாஸ்டிக் கவரில் வீட்டில் கிடந்தது. ஒருநாள் மண்ணெண்ணெயில் கழுவி வெயிலில் பிடித்துப் பார்த்தேன். அடி ரேஸில் வரிசையாக, ஒவ்வொரு பாலுக்கும் ஒன்றாக, சின்னச் சின்னப் பள்ளங்கள்.