கம்ப்யூட்டர் எதைப் பார்த்துத் தூங்குகிறது?

ராமநாதபுரம் மாவட்டத்தில் கீழக்கரையிலிருந்து தங்கச்சிமடம் வரை எந்த பிரவுசிங் சென்டரில் கேட்டாலும் இரண்டு புலம்பல்கள் காதில் விழும். "டவுன்லோடு பாதியில நின்னு போச்சு, சிஸ்டம் தூங்கிருச்சு" என்பது ஒன்று. "டீ குடிச்சிட்டு வந்தா யாரோ ஒருத்தரோட பட்டா ஸ்கிரீன்ல அப்படியே திறந்து கெடக்கு" என்பது மற்றொன்று. ஒருவருக்குக் கம்ப்யூட்டர் விழித்திருக்க வேண்டும், இன்னொருவருக்கு அது தானே பூட்டிக்கொள்ள வேண்டும். ஒன்றைக் கேட்டால் மற்றது கிடைக்காது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள்.

உண்மையில், எதிரே ஆள் இருக்கிறாரா என்பது சாதாரணக் கம்ப்யூட்டருக்குத் தெரியாது. கடைசியாகக் கீயோ மவுஸோ அசைந்த நேரத்தைக் குறித்து வைத்திருக்கும். அதிலிருந்து இத்தனை நிமிடம் ஓடிவிட்டால் ஆள் இல்லை என்று முடிவு கட்டிவிடும். கடையைச் சாத்திவிட்டு ஊருக்குப் போனவரும், டவுன்லோடு எப்போது முடியும் என்று திரையையே முறைத்துக்கொண்டிருப்பவரும் அதற்கு ஒன்றுதான். அதை ஏமாற்றுவதும் சுலபம். டேபிள் ஃபேன் அதிர்வில் பளபளப்பான மேஜைமேல் ஆப்டிகல் மவுஸ் லேசாக நடுங்கினால் போதும், ராத்திரி முழுக்கத் தூங்காது. உப்புக்காற்றில் துருவேறி, அமுங்கியபடியே நிற்கும் கீயும் அதே வேலையைச் செய்யும்.

விழிக்க வைக்கும் மென்பொருள்களில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று பொய் சொல்லும். விண்டோஸுக்கான 'கஃபைன்' 59 நொடிக்கு ஒருமுறை எஃப்15 கீயை அழுத்தியதுபோல் காட்டும். நம் கீபோர்டுகளில் எஃப்12-க்கு மேல் இருப்பதில்லை, அதனால் பெரும்பாலும் வேலைக்கு இடைஞ்சல் இல்லை. இன்னொன்று நேர்மையாகக் கேட்டு வாங்கும். விசைப்படகு கடலுக்குப் போகுமுன் மீன்துறையிடம் டோக்கன் வாங்குவதுபோல, "வேலை முடியும்வரை தூங்காதே" என்று அந்த நிரல் விண்டோஸ், மேக் போன்ற இயங்குதளத்திடம் பதிவு செய்துகொள்ளும். நிரலை மூடினால் பதிவும் ரத்து. மேக்கில் உள்ள 'கஃபைனேட்' கட்டளையும் மைக்ரோசாஃப்டின் இலவசக் கருவித் தொகுப்பான பவர்டாய்ஸில் உள்ள 'அவேக்'கும் இந்த வகை.

எனக்கு இரண்டாவதுதான் சரி என்று படுகிறது. பொய்க் கீ அழுத்தத்தை நம்பி, ஆள் இருக்கிறார் என்று தானியங்கிப் பூட்டும் சும்மா இருந்துவிடும். பட்டா திறந்தே கிடக்கும். கேட்டு வாங்குவதில் அந்தத் தொல்லை இல்லை. சிஸ்டம் மட்டும் விழித்திருந்தால் போதும் என்று கேட்கலாம், திரை அணைந்து பூட்டிக்கொள்ளும். பூட்டிய திரைக்குப் பின்னால் டவுன்லோடு பாட்டுக்கு ஓடும். எழுந்து போகும்போது விண்டோஸ் கீயோடு எல் கீயைச் சேர்த்து அழுத்தினாலும் அப்படித்தான்.

அழுத்த மறப்பவர்களுக்காக 2017-இல் விண்டோஸில் 'டைனமிக் லாக்' வந்தது. போனை ப்ளூடூத்தில் இணைத்துவிட்டால், அதன் சிக்னல் போய்ச் சற்று நேரத்தில் திரை பூட்டிக்கொள்ளும். ஆனால் டீக்கடை அடுத்த சுவரிலேயே இருந்தால் சிக்னல் போகவே போகாது!

தூக்கத்திலும் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். சாதாரணத் தூக்கத்தில் மெமரிக்கு மின்சாரம் போய்க்கொண்டே இருக்க வேண்டும். காற்றடிக்கிற மாதத்தில் கரண்ட் போனால், யுபிஎஸ் இல்லாத கம்ப்யூட்டரில் சேமிக்காத வேலை அதோடு போச்சு. ஹைபர்னேட் என்ற இன்னொரு வகைத் தூக்கம் எல்லாவற்றையும் டிஸ்கில் எழுதி வைப்பதால் அந்தப் பயம் இல்லை.

அப்புறம், எந்த மென்பொருளும் போடாமலே சிஸ்டம் தூங்க மறுக்கிறதா? விண்டோஸில் 'பவர்சிஎஃப்ஜி' என்ற கட்டளை உண்டு. அதில் ரெக்வெஸ்ட்ஸ் (powercfg /requests) என்று கேட்டால் யார் விழிக்க வைத்திருக்கிறார்கள் என்று பெயரைச் சொல்லிவிடும். பிரவுசரில் ஓடும் வீடியோவாக இருக்கலாம். பட்டியல் காலியாக இருந்தால், மவுஸைக் கழற்றிவிட்டுப் பாருங்கள்.