மறைத்து வைத்த பில்டருக்குள் கை போக வேண்டும்

போன வைகாசியில் பெருமாள்புரத்தில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். ஹாலில் நாலடி மீன் தொட்டி, பார்க்க அவ்வளவு அழகு. பின்பக்கம் முழுக்கத் தெர்மாகோலில் செதுக்கிச் சிமெண்ட் பூசிய பாறை, குற்றாலத்து மலைச்சரிவு மாதிரியே இருந்தது. ஒரு குழாய், ஒரு ஒயர் வெளியே தெரியவில்லை. அந்த வீட்டுத் தம்பி வீடியோ பார்த்துத் தானே செய்தது. "அண்ணாச்சி, ரெண்டு நாளா மீனெல்லாம் மேல வந்து வாயத் தொறந்து தொறந்து மூடுது, என்னன்னு பாருங்க" என்றார். பாறைக்குப் பின்னால் பம்ப் நின்றுபோயிருந்தது. எடுக்க வழி எங்கே என்று கேட்டேன். வழி இல்லை. பாறையை நாலு பக்கமும் சிலிக்கான் வைத்து அடைத்திருந்தார்.

மீன்களை இரண்டு வாளிக்கு மாற்றி, காற்றுக் குமிழி விடும் ஏர் ஸ்டோன் போட்டுவிட்டு, பிளேடால் சிலிக்கானை அறுத்தேன், ஒரு மணி நேரம் ஆனது. பாறை கையோடு வந்தபோது அழுகின முட்டை வாடை ஹால் முழுக்க அடித்தது. பம்பின் வாயில் கறுப்புச் சேறு அப்பியிருந்தது, அதற்குள் எப்போதோ இடுக்கில் புகுந்து செத்த மோலி மீனின் முள். தொட்டி வைத்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது.

பாளையங்கோட்டையில் தொட்டி செய்து கொடுப்பதும், வீடு வீடாகப் போய்ப் பராமரிப்பதும்தான் என் தொழில். பில்டரை மறைத்துக் கட்டும் ஆசை எனக்கும் உண்டு, நானும் அப்படித்தான் செய்து தருகிறேன். ஆனால் கண்ணுக்குத் தெரியாமல் மறைப்பது வேறு, கைக்கே எட்டாமல் மறைப்பது வேறு. இரண்டாவதைச் செய்தால் என்றைக்காவது ஒருநாள் அந்த வீட்டு மீன் சாகும், இதை நான் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டேன்.

பில்டர் அழுக்கை வடிகட்டும் சாமான் என்று மட்டும் நினைக்கிறோம். மீனின் கழிவிலும் மிஞ்சிய தீனியிலும் இருந்து அம்மோனியா வரும், அது மீனுக்கு விஷம். பில்டருக்குள் இருக்கும் ஸ்பாஞ்சிலும் செராமிக் ரிங் என்கிற பீங்கான் வளையங்களிலும் ஒட்டி வளரும் பாக்டீரியாக்கள் அதை முதலில் நைட்ரைட் ஆக்கும், அதுவும் விஷம்தான், பிறகு நைட்ரேட் ஆக்கும். அந்த நைட்ரேட்டை வாராவாரம் கால்பங்கு தண்ணீர் மாற்றிக் குறைத்துவிடலாம். இந்த பாக்டீரியாக்கள் நிலையாக ஊன்ற நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். அதற்குள் அவசரப்பட்டு இருபது மீன் வாங்கி விட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை, அனுபவப்பட்டவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். ஓடிக்கொண்டிருக்கும் நல்ல தொட்டியிலிருந்து ஒரு பழைய ஸ்பாஞ்ச் துண்டு கிடைத்தால் வாங்கிப் போடுங்கள், வேலை பாதி குறையும்.

சரி, வீட்டிலேயே செய்வதற்கு மூன்றடித் தொட்டியை எடுத்துக்கொள்வோம். 36 இஞ்ச் நீளம், 18 அகலம், 18 உயரம், 8 மில்லிமீட்டர் கண்ணாடி. 160 லிட்டருக்கு மேல் தண்ணீர் பிடிக்கும், கண்ணாடியும் கல்லும் சேர்த்தால் 200 கிலோவைத் தாண்டும், அதனால் டிவி ஸ்டாண்டின் மேல் தூக்கி வைக்காதீர்கள். கண்ணாடிக் கடையில் விளிம்பைத் தேய்த்து வாங்குங்கள். சிலிக்கான் வாங்கும்போது பூஞ்சைத் தடுப்பு மருந்து கலந்த பாத்ரூம் சிலிக்கான் வேண்டவே வேண்டாம், அந்த மருந்து மீனுக்கு ஆகாது. ஒட்டியபின் ஒரு வாரம் சும்மா காய விடுங்கள், புளிப்பு வாடை முழுக்கப் போன பிறகு தண்ணீர் நிரப்பிப் பாருங்கள்.

பில்டர் அறையைப் பின்பக்கம் நீளவாக்கில் வைப்பதை விட, இடது ஓரத்தில் ஐந்து இஞ்ச் விட்டுத் தடுப்பது எனக்குப் பிடிக்கும். தடுப்புக்குக் கறுப்புக் கண்ணாடியே போடுங்கள். அக்ரிலிக் பலகையில் சிலிக்கான் சரியாகப் பிடிக்காது, கொஞ்ச நாளில் உரிந்து வரும். தண்ணீருக்குள் இருக்கும் கண்ணாடியில் ஸ்டிக்கர் ஒட்டினாலும் இதே கதைதான். இந்த ஓர அறையை உள்ளே இரண்டு குறுக்குத் தடுப்பு வைத்து மூன்றாகப் பிரிக்க வேண்டும். முதல் அறைக்குள் தண்ணீர் மேலே சீப்பு மாதிரி வெட்டிய வாய் வழியாக விழும், மேற்பரப்பில் மிதக்கும் எண்ணெய்ப் படலமும் அதோடு போய்விடும். அங்கே ஸ்பாஞ்ச். முதல் தடுப்பை அடியில் இரண்டு இஞ்ச் தூக்கி ஒட்டினால் தண்ணீர் அதன் கீழே நுழைந்து இரண்டாம் அறையில் மேலேறும், அங்கே செராமிக் ரிங், அடியில் ஒரு கம்பித்தட்டு மாதிரி பிளாஸ்டிக் தாங்கி. இரண்டாம் தடுப்பின் தலையைச் சீப்பு வாயை விட இரண்டு மூன்று இஞ்ச் தாழ்வாக விட்டால், அதைத் தாண்டி மூன்றாம் அறைக்குள் விழும், அங்கே பம்ப். மணிக்கு 800லிருந்து 1000 லிட்டர் தண்ணீரைத் தொட்டிக்கே திருப்பித் தள்ளும் பம்ப் இந்த அளவுக்குப் போதும். சீப்பு வாயில் நைலான் வலை கட்ட மறக்காதீர்கள், குட்டி மீன் உள்ளே போய்விடும்.

ரிங்கை அப்படியே கொட்டாமல் வலைப்பையில் போட்டுக் கயிறு கட்டி வையுங்கள், இழுத்தால் முழுசாக மேலே வர வேண்டும்.

இந்த அமைப்பில் ஒரு நல்ல விஷயம், ஆவியாகும் தண்ணீர் பம்ப் அறையில் மட்டும்தான் குறைந்து தெரியும், தொட்டியில் மட்டம் இறங்கவே இறங்காது. அதுவே ஆபத்தும் கூட. நம்ம ஊர் கத்திரியில் மூன்று நாள் பார்க்காமல் விட்டால் பம்ப் காற்றை இழுத்துச் சூடாகி எரிந்துவிடும். மட்டம் குறையக் குறையத் தண்ணீர் உயரத்திலிருந்து விழும், அதனால் களகளவென்று சத்தம் கூடும். அந்தச் சத்தம் கேட்டாலே தண்ணீர் ஊற்றுங்கள். வெயில் காலத்தில் இன்னொன்று, 20 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும் என்றால் 32 டிகிரியில் 7.3 தான் கரையும். மே மாதம் பம்பை நிறுத்தினால் டிசம்பரை விடச் சீக்கிரம் மீன் திணறும்.

பாறைக்குத் தெர்மாகோல் நல்லதுதான். தடுப்புக் கண்ணாடியின் மீன் பக்கத்தில் மட்டும் ஒட்டுங்கள், இடுக்கு இல்லாமல். மூன்று கோட் சிமெண்ட் பூசிக் காய்ந்ததும் இரண்டு மூன்று வாரம் தண்ணீர் மாற்றி மாற்றி ஊற வைக்க வேண்டும், இல்லையென்றால் சுண்ணாம்பு கசிந்து பிஎச், அதாவது தண்ணீரின் காரத்தன்மை, ஏறும், பிஎச் ஏறினால் இருக்கிற அம்மோனியாவே இன்னும் கடுமையாகும். நிஜக் கல் வைக்கிறவர்கள் ஒரு எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து பாருங்கள், நுரைத்தால் சுண்ணாம்புக்கல். தாழையூத்துப் பக்கம் சுண்ணாம்புக்கல்லை நம்பித்தான் சிமெண்ட் ஆலையே வந்தது, அந்தச் சுற்றுவட்டாரத்துக் கல்லைச் சோதிக்காமல் தொட்டிக்குள் இறக்க வேண்டாம்.

அப்புறம் கழுவுகிற விஷயம், எனக்கு ரொம்ப மனசு கஷ்டமானது இதில்தான். பொங்கலுக்கு வீடு சுத்தம் பண்ணும்போது மேலப்பாளையத்தில் ஒரு ஆச்சி, பேரனுக்கு உதவியாக, ரிங்கையும் ஸ்பாஞ்சையும் எடுத்துக் குழாயடியில் வைத்து வெள்ளை வெளேரென்று தேய்த்துக் கொடுத்துவிட்டார். நாலாம் நாள் தொட்டியில் பாதி மீன் மிதந்தது. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கிறது, பாக்டீரியாவைக் கொல்லத்தான் அதைப் போடுகிறார்கள், அதில் அலசினால் ஆறு வாரம் வளர்த்தது ஆறு நிமிடத்தில் போகும். தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரை வாளியில் பிடித்து அதிலேயே ஸ்பாஞ்சைப் பிழியுங்கள், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. ரிங்கை மூன்று மாதத்துக்கு ஒருதரம் அதே தண்ணீரில் முக்கி எடுத்தால் போதும், பளபளக்க வேண்டாம். புதுத் தண்ணீருக்கு ஆன்டி குளோரின் விடுங்கள்.

2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் பல தெருக்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. பேட்டரி ஏர் பம்ப் வைத்திருந்தவர்கள் வீட்டில் மீன் பிழைத்தது. கரண்ட் வந்ததும் அப்படியே பம்பைப் போட்ட ஒருவர் தொட்டியில், அத்தனை நாள் மூச்சில்லாமல் அழுகிய சேறு மொத்தமும் மீனின் மேலே கொட்டியது, பிழைத்திருந்ததும் போனது. கை போகிற அறையாக இருந்தால் முதலில் ஸ்பாஞ்சை வெளியே எடுத்து அலசிவிட்டு ஆன் செய்திருக்கலாம்.

கை விடுவதற்கு முன் சுவிட்சை அணையுங்கள், பிளக்கையும் பிடுங்குங்கள். ஒயர் பிளக்குக்குப் போகும் முன் ஒரு வளைவு கீழே தொங்க வேண்டும், வழிகிற தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். மின்கசிவு வந்தால் கரண்டைத் தானே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லாத வீட்டில் நான் பம்ப் மாட்டுவதில்லை, கோபித்துக்கொண்டவர்களும் உண்டு.

பெருமாள்புரத்துத் தொட்டியை அந்தத் தம்பியே மறுபடி கட்டினார், நான் பக்கத்தில் இருந்தேன். அவர் காலையில் வேலைக்குப் போய்விடுவார், தண்ணீர் ஊற்றுவது, ஸ்பாஞ்ச் பிழிவது எல்லாம் அம்மாதான் என்று பேச்சுவாக்கில் தெரிந்தது. அம்மாவைக் கூப்பிட்டு, பம்பைக் கையில் பிடித்தபடி இரண்டு அட்டைகளுக்கு நடுவே கையை விடச் சொன்னேன். வளையல் இடிக்காமல் வெளியே வர நாலே முக்கால் இஞ்ச் வேண்டியிருந்தது. ஐந்து வைத்தோம்.