கழிப்பறை மானியம் ரூ. 12,000: குழி வெட்டும் முன் பட்டியலைப் பாருங்கள்

தருமபுரி மாவட்டம் பென்னாகரம் பக்கத்து ஊராட்சி ஒன்றில், 'திறந்தவெளியில் மலம் கழித்தல் அற்ற ஊர்' என்று எழுதிய பலகையைக் கடந்து, விடியும் முன்பே பெண்கள் ஓடைப் பக்கம் நடந்து போவதை நான் பார்த்திருக்கிறேன். அவர்களில் ஒருவர் கழிப்பறை மானியம் கேட்டு மூன்று முறை மனுக் கொடுத்தவர். சுத்தம் தெரியாத சனம் என்று அவரைப் பேசுகிறவர்கள் பலர் உண்டு. அவருடைய மனு எந்த மேசையில் நின்றுபோனது என்று கேட்டவர் எவரும் இல்லை.

தூய்மை பாரத இயக்கத்தின் ஊரகப் பிரிவில், கழிப்பறை இல்லாத வீட்டுக்குத் தரப்படும் ஊக்கத்தொகை ரூ. 12,000. இதில் ரூ. 7,200 மத்திய அரசின் பங்கு, ரூ. 4,800 மாநில அரசின் பங்கு. திட்டம் 2014-இல் வந்தது. 2020-இல் தொடங்கிய இரண்டாம் கட்டத்தில், விடுபட்ட குடும்பங்களையும் புதிதாகத் தனிக்குடித்தனம் வந்தவர்களையும் சேர்த்தார்கள். வரலாறு இவ்வளவு போதும்.

"வறுமைக்கோட்டுப் பட்டியலில் உங்கள் பெயர் இல்லை" என்பதுதான் அலுவலகத்தில் முதலில் கிடைக்கும் பதில். பெரும்பாலானவர்கள் அதைக் கேட்டதும் திரும்பிவிடுகிறார்கள். திரும்பாதீர்கள். கோட்டுக்கு மேலே இருந்தாலும் பட்டியலினத்தவர், பழங்குடியினர், சிறு மற்றும் குறு விவசாயிகள், வீட்டுமனை மட்டும் உள்ள நிலமற்ற கூலித் தொழிலாளர்கள், மாற்றுத்திறனாளிகள், பெண்ணைத் தலைவராகக் கொண்ட குடும்பங்கள் ஆகியோருக்கு இந்தத் தொகை உண்டு. மானாவாரியாக மூன்று ஏக்கரில் கேழ்வரகு போடுகிறவரும் சிறு விவசாயிதான். அதற்கான சான்றிதழை இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்கி மனுவோடு இணைத்தால், அந்தப் பதிலை இரண்டாம் முறை சொல்ல அவர்களுக்கு வழியில்லை.

அடுத்த தடை, கழிப்பறை இல்லாத வீடுகளின் கணக்கெடுப்பு. நம் மாவட்டத்தில் கட்டட வேலைக்காகக் குடும்பத்தோடு பெங்களூரு போகிறவர்கள் ஏராளம். கணக்கெடுக்க வந்த நாளில் கதவு பூட்டியிருந்தால் பெயர் விடுபட்டுவிடும்; பக்கத்து வீட்டில் விசாரித்து எழுதினால், இல்லாத கழிப்பறை இருப்பதாகவும் பதிவாகிவிடும். நான் சொன்ன பெண்ணின் பெயரிலும் இல்லாத கழிப்பறைதான் பதிவாகியிருந்தது. "ஏற்கெனவே மானியம் எடுத்தாச்சு என்று காட்டுது" என்று மூன்று முறையும் அவரை அனுப்பிவிட்டார்கள். பயனாளிப் பட்டியலின் நகலைக் கேட்டு வாங்கிப் பார்த்தபோது, அவருடைய பெயருக்கு நேரே இருந்த படம் கொழுந்தனார் வீட்டுக் கழிப்பறை. அண்ணன் தம்பி இருவரும் ஒரே ரேஷன் அட்டையில் இருந்ததால், இரண்டு அடுப்பும் ஒரே வீடாகப் பதிவாகிவிட்டன. தனிக்குடித்தனம் வந்தவர்கள் முதலில் அட்டையைப் பிரித்துக்கொண்டு, அதன் பிறகு மனுக் கொடுப்பது நல்லது.

பெயர் சேர்ந்துவிட்டது என்று வாயால் சொன்னதை நம்பிக் குழி வெட்டத் தொடங்காதீர்கள். ஒப்புதல் எழுத்தில் கையில் வரட்டும், ஒதுக்கீடு இருக்கிறதா என்பதையும் அப்போதே கேளுங்கள். பெரும்பாலும் கட்டி முடித்து, இடம் எது என்று காட்டும் இருப்பிடக் குறியீட்டோடு படம் எடுத்துப் பதிவேற்றிய பிறகே பணம் வருவதால், முன்பணம் உங்களுடையதாகவே இருக்கும். இந்த இடைவெளியில்தான் "கையெழுத்துப் போடுங்கள், மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று ஒப்பந்தக்காரர் வருவார். அவரிடம் வங்கிப் புத்தகத்தையோ வெற்றுத் தாளில் கையெழுத்தையோ கொடுத்தவர்கள், ஒற்றை உறைக்குழியும் தகரக் கதவும் மட்டும் கிடைத்து ஏமாந்ததைப் பல ஊர்களில் கண்டிருக்கிறேன். குழி இரண்டாக இருக்க வேண்டும், சுற்றுச்சுவரில் நீர் கசிய இடைவெளி விட வேண்டும். ஒன்று நிறைந்ததும் மற்றொன்றுக்கு மாற்றிவிட்டு இரண்டு ஆண்டு மூடி வைத்தால், உள்ளே இருப்பது எருவாகிவிடும். யாரும் இறங்கி மலம் அள்ள வேண்டியதில்லை. நான்கு அடி தோண்டினால் பாறை வருவது நம் மண்ணின் குணம் என்பதால், இடத்தை முடிவு செய்யும் முன் கடப்பாரையை இறக்கிப் பாருங்கள். குடிநீர்க் கிணற்றிலிருந்து பத்து மீட்டராவது தள்ளி இருக்கட்டும்.

கழிப்பறை எழும்பிய பிறகும் பணம் வராமல் நிற்பதற்கு வங்கிக் கணக்கு ஒரு முக்கியக் காரணம். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வரவு செலவு இல்லாத கணக்கை வங்கி செயலற்றதாக்கிவிடும். ஆகவே மனுக் கொடுக்கும் முன்பே வங்கிக்குப் போய், கணக்கு நடப்பில் இருக்கிறதா, ஆதார் இணைந்திருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.

ஊராட்சிச் செயலர் ஒன்றிய அலுவலகத்தைக் கைகாட்டுவார், ஒன்றியத்தில் இணையதளத்தைக் கைகாட்டுவார்கள், இணையதளமோ மறுபடியும் ஊராட்சியைக் காட்டும். இந்தச் சுற்றில் ஒருநாள் கூலியை இழந்தபின் மறுபடியும் இழக்காமலிருக்க, எதையும் எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். பதில் இல்லையென்றால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தின் குறைதீர்க்கும் நாளில் மனுவைப் பதிவு செய்யலாம். முதல்வரின் உதவி மையத்தின் 1100 எண்ணிலும் புகார் சொல்லலாம். உங்கள் பெயரில் யார் வீட்டுப் படம் இருக்கிறது என்று தெரியவேண்டுமானால், பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். அந்தப் பதிலின் நகலைக் கிராம சபையில் எழுந்து வாசித்து, தீர்மானப் புத்தகத்தில் பதியச் சொல்லுங்கள். அடுத்த மனுவோடு அந்தத் தீர்மானத்தின் நகலை இணைத்தபோதுதான், பென்னாகரத்துப் பெண்ணின் வீட்டுக்கு அதிகாரி நேரில் வந்தார்.