ரமேஷ், சுரேஷ், தினேஷ்: அந்த கடைசி ‘ஷ்’ யாரு?

குழந்தைக்கு பேரு தேடுற வீட்ல இப்பல்லாம் முதல்ல கேக்குறது “ஷ்-ல முடியுற மாதிரி ஏதாவது சொல்லு”ன்னு தான், அர்த்தம் ரெண்டாவது, சில வீட்ல மூணாவது, ஏன்னா நடுவுல ஜோசியர் எழுதிக் குடுத்த எழுத்து வந்து நின்னுக்கும். அஸ்வினில பொறந்தா சு, சே, சோ, ல, இந்த நாலுக்குள்ள தேடணும்னு ஆரம்பிப்பாங்க. சரி, அந்த ஷ் யாருன்னு பாப்போம்.

அதோட முழு உருவம் ‘ஈச’. சமஸ்கிருதத்துல உரிமையா வச்சிருக்கறது, ஆளுறதுங்கற அர்த்தத்துல ஒரு வேர்ச்சொல் இருக்கு, அதுலேருந்து வந்தது ஈச, அதாவது உடையவன், ஆளுறவன், தலைவன். சாமின்னு, முக்கியமா சிவன்னு நின்னது அதுக்கப்புறம். தமிழ் இத வாங்கும்போது ‘அன்’ விகுதி போட்டு ஈசன்னு ஆக்கிடுச்சு, தேவாரத்துலயே அப்படித்தான் இருக்கு. திருவான்மியூர் மருந்தீசர்ல இருக்கறது இதே ஈசர். மயிலாப்பூர் கபாலீஸ்வரர்ல இருக்கற ஈஸ்வரனும் அதே வேர்ல முளைச்சது தான், ராஜேஸ்வரி, புவனேஸ்வரி, மகேஸ்வரி எல்லாம் அதோட பொண்ணு வடிவம்.

இப்போ ரமேஷ்ல ‘ஈஷ்’ எங்க, ‘ஏஷ்’ தானே இருக்குன்னு கேக்கலாம். ரமா + ஈச சேரும்போது ஆவும் ஈயும் கலந்து ஏ ஆயிடும், குண சந்தின்னு பேரு. அதனால தான் ரமேச, சுரேச, கணேச, மகேச. முன்னாடி இருக்கற சொல் இகரத்துல முடிஞ்சா ஈ அப்படியே நிக்கும், சதி + ஈச = சதீச. அதனால சதீஷ்ல தீ நெடில், ஹரீஷ்ல ரீ நெடில், கிரீஷ்லயும் அப்படித்தான். சதிஷ்னு குறில்ல எழுதுறது தப்பு, ஆனா ரேஷன் கார்டுல எப்படி விழுந்துச்சோ அதான் பேருன்னு ஆயிடுது நம்ம ஊர்ல.

கல்யாண பத்திரிகைய எடுத்து பாருங்க, தாத்தா வெங்கடேசன், கணேசன், சுந்தரேசன்னு இருப்பாரு, அப்பா அதே பேர்ல வெங்கடேஷ், கணேஷ்னு இருப்பாரு. பேரு மாறல, உச்சரிப்பு தான் மாறியிருக்கு. இந்தியில சொல்லோட கடைசி அகரத்த சொல்ல மாட்டாங்க, கணேச-ங்கறது கணேஷ்னு நின்னுடும், அந்த வடக்கத்தி உச்சரிப்பு தான் ஸ்டைலுன்னு நம்ம கிட்ட ஒட்டிக்கிச்சு. இத்தனைக்கும் அந்த ‘ஷ்’ எழுத்தே சரி கிடையாது, மூலத்துல இருக்கறது ஶ-ங்கற வேற ஒரு சகரம், சமஸ்கிருத ஒலிகள எழுத இங்க வச்சிருந்த கிரந்தத்துல அதுக்கு தனி எழுத்து இருந்தும் நாம அத பெருசா எடுத்துக்கல, ஷ-வயே போட்டு ஓட்டிட்டோம். வடசொல்ல எடுத்தா வடவெழுத்த விட்டுட்டு தமிழ் எழுத்துல எழுதுன்னு தொல்காப்பியம் சொல்லுது, அந்த கணக்குக்கு ஈசன் தான் சரி. தமிழ்ச் சொல் எதுவும் வல்லின மெய்யோட முடியாது வேற. ராயபுரம், வண்ணாரப்பேட்டை பக்கம் ஒரு பாட்டி “டேய் ரமேசு, சுரேச கூட்டினு வாடா”ன்னு மாடில இருந்து கத்தும்போது கடைசில ஒரு உகரம் தானா வந்து ஒட்டிக்குது பாருங்க, இலக்கணம் படிச்ச எத்தன பேருக்கு அது வரும்னு தெரியல.

தனித்தனியா அர்த்தம் பாத்தா ரமேஷ்ங்கறது ரமாவோட தலைவன், ரமான்னா லட்சுமி, அதனால இது திருமால். பேர்ல ஈசன் இருக்கேன்னு சிவன்னு நினைச்சுடாதீங்க. தினேஷ் பகலோட தலைவன், சூரியன். ராகேஷ் பௌர்ணமி ராத்திரியோட தலைவன், அதாவது நிலா. சதீஷ், உமேஷ் ரெண்டும் சிவன், சதியோட கணவன், உமையோட கணவன்.

சுரேஷ் தான் இதுல சுவாரஸ்யமான கேசு. சுரர்னா தேவர், அவங்க தலைவன் இந்திரன், அதான் சுரேசன். ஆனா இந்த ‘சுர’ங்கற சொல்லே பின்னாடி உண்டானதுன்னு மொழி ஆராய்ச்சி பண்றவங்க சொல்றாங்க. ‘அசுர’ தான் பழசு, அதுக்கு ஆரம்பத்துல கெட்ட அர்த்தமும் இல்ல, வல்லமை உள்ளவன்னு தான் இருந்துச்சு, பழைய ஈரான்ல கடவுளுக்கே அகுர மஸ்தான்னு பேரு, அந்த அகுரவும் இந்த அசுரவும் ஒரே சொல்லு தான். இங்க அசுரன்னா கெட்டவன்னு ஆனதும், முன்னாடி இருக்கற ‘அ’ எதிர்மறைன்னு நினைச்சு அத பிச்சு போட்டுட்டு, அப்போ சுரன்னா நல்லவன்னு ஒரு புது சொல்ல கட்டிட்டாங்க. ஆக ஊர்ல இருக்கற அத்தன சுரேஷும் ஒரு பழைய தப்புக் கணக்குல பொறந்தவங்க.

ஷ்-ல முடியுறது எல்லாம் ஈசன் கிடையாது, இதயும் சொல்லிடணும். பிரகாஷ் ஒளி, ஆகாஷ் வானம், சந்தோஷ் மனநிறைவு, தனுஷ் வில்லு. அவினாஷ் அழிவு இல்லாதது, திருப்பூர் பக்கத்து அவிநாசி நினைவுக்கு வந்தா சரி தான். மனீஷாலயும் ஈசன் இல்ல, மனீஷான்னா அறிவு. இப்ப ஸ்கூல் வேன்ல ஏறுற பசங்க பேரு பலதுல அர்த்தத்த விட்டுட்டு அப்பா பேர்ல பாதி, அம்மா பேர்ல பாதி, கடைசில ஒரு ஷ்னு பசை போட்டு ஒட்டுறாங்க, அதுக்கு எந்த அகராதியும் துணைக்கு வராது.

இந்த ஈசனுக்கு தமிழ்ல என்ன சொல்லலாம்? வழக்குல இறைவன். அதுலயும் ஒரு பொருத்தம், இறைன்னா பழந்தமிழ்ல அரசன், குறள்ல 39-வது அதிகாரம் இறைமாட்சி முழுக்க ராஜாவ பத்தி தான், ஆளுறவன் சாமியான அதே கதை. ஆண்டவன்ங்கறதும் ஆளுறதுல வந்தது தான். ஆனா வேர்ச்சொல்லுக்கு ரொம்ப கிட்ட வர்றது எனக்கு ‘உடையான்’ தான், உரிமையா வச்சிருக்கறவன்னு நேரா சொல்லுது.

முழு பேரயும் தமிழாக்குறதுக்கு நம்ம ஊர்லயே நல்ல முன்மாதிரி இருக்கு. சென்னை கிறித்தவக் கல்லூரில தமிழ் சொல்லிக் குடுத்த சூரியநாராயண சாஸ்திரி, சூரியனுக்கு பரிதி, நாராயணனுக்கு மால், சாஸ்திரிக்கு கலைஞர்னு போட்டு பரிதிமாற் கலைஞர் ஆனாரு. அங்கயே வேலை பாத்து பல்லாவரத்துல வாழ்ந்த வேதாசலம், 1916-ல தனித்தமிழ் இயக்கம் தொடங்கி மறைமலை ஆனாரு, வேதம் மறை, அசலம் மலை. அதே மாதிரி போனா தினேஷுக்கு பகலவன், இதவிட கச்சிதமா ஒண்ணு கிடைக்காது. நடேசனுக்கு ஆடலரசன், ரமேஷுக்கு திருமால், சுந்தரேசனுக்கு சொக்கன். லோகேஷுக்கு உலகுடையான்னு வைக்கலாம், கேக்க கம்பீரமா இருக்கு, ஆனா அந்த பையன கிளாஸ்ல உலகுன்னு சுருக்கிடுவாங்கன்னு ஒரு பயம். வெங்கடேஷுக்கு வேங்கடவன் போதும், வேங்கடம்ங்கற மலைப்பேரு சங்கப் பாட்டுலயே இருக்கு.

பெரியவங்க பேர மாத்தணும்னா அரசிதழ்ல வரணும், அதுக்கு அண்ணா சாலைல இருக்கற எழுதுபொருள் அச்சுத்துறைல விண்ணப்பிக்கணும். குழந்தைக்கு அவ்ளோ பாடு இல்ல, பிறப்புச் சான்றிதழ்ல ஒரு வருஷத்துக்குள்ள பேரு சேத்தா காசு கிடையாது, அதுக்கப்புறம் 15 வருஷம் வரைக்கும் தாமதக் கட்டணத்தோட சேக்கலாம். சேக்கும்போது தமிழ் எழுத்த ஒரு தடவ வாசிச்சு பாத்துட்டு குடுங்க, சதீஷ்னா தீ நெடில்.