கிம்மி – விட்டுக்கொடுப்பு

வாராவாரம் கூடி கோல்ஃப் ஆடும் நண்பர்களிடையே அடிக்கடி காதில் விழும் சொல் கிம்மி. பந்து குழிக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிட்டது, லேசாகத் தட்டினால் விழுந்துவிடும். ‘தட்ட வேண்டாம், எடுத்துக்கோங்க’ என்று எதிராளி சொல்வதுதான் கிம்மி. தட்டாவிட்டாலும் அந்த ஒரு ஸ்ட்ரோக், அதாவது ஒரு அடி, கணக்கில் சேரும். புதிதாக ஆட வருபவர்கள் இதை மறந்துவிடுவதுண்டு.

‘எனக்குக் கொடு’ என்று பொருள்படும் ‘கிவ் மீ’ ஆங்கிலப் பேச்சில் தேய்ந்து கிம்மி ஆனது. விதிநூலில் இந்தச் சொல் கிடையாது. அங்கே அது ‘கன்செஷன்’. ஒருவரை ஒருவர் எதிர்த்து, குழிக்குக் குழி வெற்றி தோல்வி பார்க்கும் மேட்ச் பிளேயில் மட்டும் அது செல்லும். கொடுத்ததைத் திரும்பப் பெற முடியாது, வேண்டாம் என்று மறுக்கவும் முடியாது. மொத்த ஸ்ட்ரோக்கை எண்ணும் ஸ்ட்ரோக் பிளேயில் பந்து குழிக்குள் விழுந்தே ஆக வேண்டும். போட்டியில் நான்கு பேர் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டு கிம்மி கொடுத்தால் நான்கு பேருக்கும் தகுதி போய்விடும்.

கோல்ஃப் வரலாற்றில் பெயர்பெற்ற விட்டுக்கொடுப்பு 1969இல் நடந்தது. இங்கிலாந்தின் ராயல் பர்க்டேல் மைதானத்தில் அமெரிக்காவும் பிரிட்டனும் மோதிய ரைடர் கோப்பை அணிப்போட்டி. கடைசி நாள், கடைசி ஆட்டம், கடைசிக் குழி. அமெரிக்காவின் ஜாக் நிக்லஸ் தன் பந்தைக் குழிக்குள் போட்டுவிட்டார். பிரிட்டனின் டோனி ஜாக்லினுக்கு ஏறக்குறைய இரண்டடி தூரம் பாக்கி. அவர் தவறவிட்டால் அமெரிக்காவுக்கு முழு வெற்றி. நிக்லஸ் அதை விட்டுக்கொடுத்தார். 16–16 என்று கோப்பை முதன்முறையாகச் சமனில் முடிந்தது. அமெரிக்க அணித் தலைவர் சாம் ஸ்னீடுக்கு அதில் வருத்தம்தான். என்னைக் கேட்டால் நிக்லஸ் செய்ததே சரி.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? ‘சலுகை’ என்றால் மேலிடத்தில் இருப்பவர் இரக்கப்பட்டுத் தருவது போல ஆகிவிடும். ‘தள்ளுபடி’ கடன் கணக்கின் வாடை அடிக்கிறது, தவிர ஸ்ட்ரோக் இங்கே தள்ளுபடி ஆவதும் இல்லை. ‘விட்டுக்கொடுப்பு’ அச்சாகப் பொருந்துகிறது. விடு, கொடு என்ற இரண்டு வினைகள் சேர்ந்த சொல். தனக்குள்ள உரிமையை விட்டு, அதை இன்னொருவருக்குக் கொடுப்பது. எதிராளியை ‘போட்டுக் காட்டு’ என்று கேட்கும் உரிமையைத்தானே இங்கே விடுகிறோம்! ஆங்கிலச் சொல் கேட்பவர் வாயில் பிறந்தது, தமிழ்ச் சொல் கொடுப்பவர் பக்கம் நிற்கிறது. விதியும் கொடுப்பவர் பக்கம்தான். தனக்குத்தானே கிம்மி எடுத்துக்கொள்வதற்குத் தமிழில் வேறு பெயர் உண்டு: அழுகுணி ஆட்டம்.

நண்பர் குழுக்கள் இதற்கு ஒரு தூரம் வைத்துக்கொள்கின்றன. பந்தைக் குழிக்குள் தட்டும் மட்டையான பட்டரின் தலையைக் குழிக்குள் வைத்துக் கம்பைத் தரையில் கிடத்துவார்கள். கைப்பிடி தொடங்கும் இடத்துக்குள் பந்து இருந்தால் விட்டுக்கொடுத்தாயிற்று. கைப்பிடியில் முன்பு தோல் சுற்றியிருந்ததால் இதற்குத் ‘தோலுக்குள்’ என்று பெயர். பட்டருக்குப் பட்டர் மாறினாலும் சுமார் இரண்டடி வரும். ‘விட்டுக்கொடுப்புத் தூரம்’ என்று இதைச் சொல்லலாம்.

சென்னையில் இந்த ஏற்பாடு தேவையும்கூட. நந்தனம் காஸ்மோபாலிட்டன் கிளப் மைதானத்தில் மே மாதம் ஆடினால் ஒன்பது மணிக்கே வெயில் மண்டையைப் பிளக்கும், பின்னால் அடுத்த குழு காத்திருக்கும். எல்லா குழியிலும் அரையடிப் பந்தைக் குனிந்து நிதானித்து அடித்துக்கொண்டிருந்தால் வேலைக்கு ஆகாது. ஆனால் தூரத்தை முதல் டீயிலேயே, அதாவது ஆட்டம் தொடங்கும் இடத்திலேயே, பேசி முடித்துவிட வேண்டும். பாதி ஆட்டத்தில் பேச ஆரம்பித்தால் மனக்கசப்புதான் மிஞ்சும்.

பட்டரால் குழியை நோக்கித் தட்டும் அடிக்குப் ‘பட்’ என்று பெயர். பேச்சில் ‘பட்டை விட்டுக்கொடுத்துட்டேன்’, எழுத்தில் ‘விட்டுக்கொடுத்த பட்’. இரண்டும் இயல்பாகவே இருக்கின்றன.