இந்தக் குளத்துத் தண்ணீர் எத்தனை ஏக்கருக்குக் காணும்?

கோடைக்கால நெற்செய்கையான சிறுபோகம் தொடங்குமுன் கூடும் பயிர்ச்செய்கைக் கூட்டங்களில் சுற்றிச்சுற்றி வருவது ஒரே கேள்விதான்: குளத்தில் கிடக்கிற தண்ணீர் எத்தனை ஏக்கருக்குக் காணும்? வாய்க்காலின் தொடக்கத்தில் வயல் உள்ள தலைக்கண்டத்துக்காரர் தாராளமாய்க் காணும் என்பார். வாய்க்காலின் முடிவில் வயல் உள்ள கடைக்கண்டத்துக்காரர் பேசாமல் இருப்பார். இருவருக்கும் நடுவில் இப்போது செய்மதிப் படங்களை வைத்துக் கணினி வரைந்த ஒரு வரைபடமும் வந்து உட்கார்ந்திருக்கிறது.

முதலில் வரவைப் பார்ப்போம். இலங்கையின் கிழக்கே, மட்டக்களப்பு மாவட்டத்தில் உள்ள உன்னிச்சைக் குளத்தை நிரப்புவது மட்டக்களப்பு நகரில் கொட்டும் மழையல்ல, குளத்துக்கு மேலே காட்டுப்பக்கம் பெய்வது. எந்த இடத்து மழை குளத்துக்கு வரும், எது வேறு ஆற்றுக்குப் போகும் என்ற எல்லையைக் கணினி வரைகிறது. அதற்கு நிலத்தின் உயரம் தெரிய வேண்டும். 2000 பெப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் 11 நாள் பூமியைச் சுற்றி ராடாரால் எடுத்த உயரக் கணக்கு இன்று யாரும் இலவசமாய் இறக்கிக்கொள்ளக் கூடியது. நிலம் முழுவதும் ஏறத்தாழ 30 மீற்றர் அகலக் கட்டங்களாகப் பிரிந்திருக்கும். ஒவ்வொரு கட்டமும் தன்னைச் சுற்றியுள்ள எட்டில் எதன் பக்கம் சரிவு அதிகம் என்று பார்த்து, தன் தண்ணீரை அதற்குத் தள்ளிவிடும். எந்தக் கட்டத்தின் வழியாக நிறையக் கட்டங்களின் தண்ணீர் போகிறதோ, அதுதான் ஆறு. அணைக்கட்டிலிருந்து பின்னோக்கி நடந்தால், அங்கே வந்து சேரும் கட்டங்கள் எல்லாம் சேர்ந்து நீரேந்துப் பகுதி.

மலைப்பக்கம் இது அழகாக வேலை செய்யும். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே வயல் பரந்த படுவான்கரைக்கு இறங்கியதும் சிக்கல். வரம்பின் உயரம் ஒரு முழம். உயரக் கணக்கில் வரும் பிழையோ சில மீற்றர். போதாததற்கு ராடார் மரத்தின் தலையையும் தரையென்று எழுதிவைத்திருக்கும். குளக்கட்டு கணினிக்கு வெறும் மேடு. அதில் தண்ணீர் திறந்துவிடும் மதகான துரிசு இருப்பது அதற்குத் தெரியாது. ஆகவே வாய்க்கால்களையும் துரிசுகளையும் கையால் வரைந்து உயரப்படத்தில் வெட்டிவிட வேண்டும். அந்த இடத்தில், வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடும் வட்டவிதானையைக் கேட்காமல் செய்த படத்தை நான் நம்பமாட்டேன்.

அப்புறம் பெருக்கல் கணக்கு. ஒரு சதுரக் கிலோமீற்றரில் 1 மில்லிமீற்றர் மழை என்றால் 1000 கனமீற்றர் தண்ணீர். ஆனால் ஒக்டோபரில் காய்ந்த மண் முதல் மழையைக் குடித்துவிடும். டிசம்பரில் ஊறிய மண்ணில் அதே மழை அப்படியே ஓடும். இதனால் மண் வகையையும் காடு, வயல், ஊர் என்ற நிலப் பயன்பாட்டையும் படத்தின் மேல் அடுக்கி, எவ்வளவு ஓடிவரும் என்று மதிப்பிடுகிறார்கள்.

குளத்தில் எவ்வளவு இருக்கிறது? செய்மதிக்குத் தெரிவது நீர்ப்பரப்பு மட்டும், ஆழம் தெரியாது. பரப்பு இவ்வளவானால் கொள்ளளவு இவ்வளவு என்ற பழைய அட்டவணையை வைத்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். நம் குளங்கள் தட்டுப்போல விரிந்தவை; மட்டம் கொஞ்சம் இறங்கினாலே கரை வெகுதூரம் உள்வாங்கும். அதனால் பரப்பு நல்ல அளவுகோல்தான். ஆனால் அட்டவணை போட்ட பிறகு படிந்த வண்டல் அதில் இல்லை. காகிதத்தில் இருக்கும் தண்ணீர் குளத்தில் இல்லாமல் போவது இப்படியும் நடக்கும்.

இனிச் செலவு. கோடை வெயிலில் வயல் நாளொன்றுக்கு 5 மில்லிமீற்றர் அளவில் ஆவியாக்கும் என்று வையுங்கள். ஒரு ஏக்கருக்கு அது 20 கனமீற்றர், 100 நாளுக்கு 2000. நிலம் பண்படுத்தவும் வாய்க்காலில் ஊறிப்போவதற்கும் தனியே வேண்டும். சரி, எத்தனை ஏக்கர்? மாரியில் வானம் மூடிக்கிடப்பதால் சாதாரணப் படங்கள் வெறும் பஞ்சுப்பொதி. முகிலைத் துளைக்கும் சென்டினல்-1 செய்மதியின் ராடார் படத்தில் தண்ணீர் கட்டிய வயல் கறுப்பாகத் தெரியும்; அசையாத தண்ணீர் கண்ணாடிபோல அலையை வேறு பக்கம் எறிந்துவிடுவதால் அப்படி. பயிர் எழ எழ அந்தக் கறுப்பு வெளிறும். ஆனால் 2011 ஜனவரியில் மட்டக்களப்பில் வந்தது போன்ற வெள்ளமும் அதே கறுப்பு. மானாவாரியில், தண்ணீர் கட்டாமல் காய்ந்த மண்ணில் புழுதி விதைப்புச் செய்த வயலோ விதைக்கும்போது கறுக்கவே மாட்டாது.

எனக்குப் பிடித்தது ஜூலை மாதப் படம். மழை குறைவு, வானம் தெளிவு. காட்டையும் தோட்டத்தையும் கழித்துவிட்டால், பச்சையாய்த் தெரிகிற வயல் எங்கிருந்தோ தண்ணீர் குடித்திருக்கிறது. அதை வாய்க்கால் பதிவோடு பொருத்தினால், எந்தத் துரிசின் கீழும் வராத சில பச்சைத் துண்டுகள் வாவிப்பக்கம் மிஞ்சக்கூடும். மேல் வட்டையின் வயல்களிலிருந்து இறங்கும் வடிச்சலில் விளைபவை அவை. பதிவில் அந்த வடிச்சல் ‘வீணாகிய நீர்’ என்றே இருக்கும். மேல் வாய்க்காலுக்குக் கொங்கிறீற் போட்டால் குளத்தில் தண்ணீர் மிஞ்சும், கூட்டத்தில் இன்னும் சில ஏக்கர் சேர்க்கலாம். அடுத்த ஜூலைப் படத்தில் வாவிப்பக்கத்துப் பச்சைத் துண்டுகள் பழுப்பாக இருக்கலாம்.