கால் அளவு கப் விமானத்துக்கு எத்தனை குதிரை வேண்டும்?

பென்சில்வேனியாவின் லாக் ஹேவன் நகரில் பைப்பர் நிறுவனம் 1938 முதல் 1947 வரை கட்டிய ஜே-3 கப், இருவர் அமரும் மஞ்சள் விமானம். இறக்கை முனைக்கு முனை 35 அடி 3 அங்குலம். ஆளும் பெட்ரோலும் சேர்த்து அதிகபட்ச எடை 553 கிலோ. பெரும்பாலானவற்றில் 65 குதிரைத்திறன் எஞ்சின். ரிமோட்டில் பறக்கும் பெரிய மாடல் விமானம் கட்ட ஆசைப்படுபவர்களில் பலர் முதலில் கைவைப்பது இதன் நாலில் ஒரு பங்கு உருவத்தில்தான். அதற்கே இறக்கை 2.7 மீட்டர் வந்துவிடும். காரில் ஏற்ற வேண்டுமானால் கழற்றித்தான் ஆக வேண்டும்.

எந்த எஞ்சினைப் பொருத்துவது? ‘கிடைப்பதில் பெரியதைப் போடு, அதிகமானால் த்ராட்டிலைக் குறைத்துக்கொள்’ என்பது மைதானத்தில் இலவசமாகக் கிடைக்கும் பதில். அதை நம்புவதற்கு முன் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

நீளம் நாலில் ஒன்றானால் இறக்கைப் பரப்பு 16-இல் ஒன்று. கன அளவும் அதையொட்டி எடையும் 64-இல் ஒன்று. 553-ஐ 64-ஆல் வகுத்தால் 8.6 கிலோ. தூக்குவிசை, பரப்பையும் வேகத்தின் வர்க்கத்தையும் பொறுத்தது. எனவே அசலின் வேகத்தில் பாதி இருந்தாலே இந்த எடை காற்றில் நிற்கும். அசல் கப் மணிக்கு 121 கி.மீ. வேகத்தில் பயணிக்கும், மாடலுக்கு 60 போதும். திறன் என்பது விசையையும் வேகத்தையும் பெருக்கி வருவது. விசை 64-இல் ஒன்று, வேகம் 2-இல் ஒன்று. ஆக 65 குதிரையை 128-ஆல் வகுக்க வேண்டும். விடை: அரைக் குதிரை!

நடைமுறையில் அரைக் குதிரை பற்றாது. சிறிய ப்ரொப்பெல்லர் சக்தியை வீணாக்கும். சிறிய, மெதுவான இறக்கையில் காற்றின் பிசுபிசுப்பு கூடுதலாகத் தெரியும். போதாக்குறைக்கு, அசல் விமானி கனவிலும் செய்யாத குட்டிக்கரணங்களை மாடல் ஓட்டுபவர் எதிர்பார்ப்பார். நான்கு மடங்கு தாராளமாக வைத்தாலும் 2 குதிரைதான். 26 சிசி பெட்ரோல் எஞ்சின் அதைச் சமாளிக்கும். 50 சிசி மாட்டுவது கப்புக்குச் செய்யும் அவமரியாதை என்பது என் கட்சி.

பெட்டியில் அச்சிட்ட குதிரைத்திறனும் முழு உண்மை சொல்லாது. எஞ்சின் சின்ன ப்ரொப்பெல்லரோடு உச்ச வேகத்தில் அலறும்போது அளந்த எண் அது. கப் போன்ற மெதுவான விமானத்துக்கு, நிறையக் காற்றை நிதானமாகப் பின்னே தள்ளும் பெரிய ப்ரொப்பெல்லரே சிக்கனம். அதனால் முதலில் ப்ரொப்பெல்லரை முடிவு செய்துவிட்டு, அதைச் சுழற்றும் எஞ்சினைத் தேடுவது நல்லது. 18x6 என்றால் விட்டம் 18 அங்குலம். ஒரு சுற்றுக்கு முன்னேறும் தூரமான பிட்ச் 6 அங்குலம். நிமிடத்துக்கு 7,500 சுற்றில் அது மணிக்கு 69 கி.மீ. ஆகிறது. 60-இல் பறக்கும் விமானத்துக்குக் கச்சிதம். 16x10-ஐ 8,000 சுற்றில் ஓட்டினால் 122 கி.மீ. வரும், கப் அந்த வேகத்தைத் தொடவே போவதில்லை. சத்தம் மட்டும் பிரமாதமாக இருக்கும்.

மெத்தனாலில் ஓடும் குளோ எஞ்சின் எடை குறைந்ததுதான். ஆனால் அதே காற்றுக்கு பெட்ரோலைவிட இரண்டு மடங்குக்கு மேல் எரிபொருள் குடிக்கும். இந்த அளவு விமானத்தில் அதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

பெரிய எஞ்சினின் வினை மூக்கில் தொடங்குகிறது. மாடலின் இறக்கை சுமார் 40 செ.மீ. அகலம், ஈர்ப்பு மையம் முன்விளிம்பிலிருந்து 10 முதல் 12 செ.மீ. பின்னால் இருக்க வேண்டும். கனமான எஞ்சின் அதை முன்னே இழுத்துவிடும். மூக்கு தொங்காமலிருக்க, வாலின் கிடைமட்ட மடலான எலிவேட்டரைக் கொஞ்சம் மேலே தூக்கி அப்படியே நிற்க வைப்போம்; இதுதான் ட்ரிம். த்ராட்டிலைத் திறந்து வேகம் கூடியதும், அந்தத் தூக்கிய எலிவேட்டரின் விசை வேகத்தின் வர்க்கத்தில் கூடும். விமானம் வானத்தைப் பார்க்க ஏறும். குறைத்தால் குப்புற இறங்கும். ‘எஞ்சின் ரொம்ப பவர்’ என்று பெருமையாகச் சொல்லப்படும் பல கேஸ்கள் இவைதான்.

கண்டுபிடிக்க ஒரு சோதனை உண்டு. நல்ல உயரத்தில் நேராகப் பறக்க ட்ரிம் செய்து, எஞ்சினை ஐடிலுக்குக் கொண்டுவந்து, மெதுவான சரிவில் இறக்கிவிட்டு ஸ்டிக்கிலிருந்து கையை எடுக்க வேண்டும். சட்டென்று தானே நிமிர்ந்தால் மூக்கு கனம். சரிவு இன்னும் செங்குத்தானால் வால் கனம். அது ஆபத்து, உடனே இறக்கிச் சரிசெய்ய வேண்டும். சோதனையில் ஒழுங்காக இருந்துவிட்டு, பவர் கொடுக்கும்போது மட்டும் மூக்கு ஏறினால் குற்றம் எஞ்சின் நோக்கும் கோணத்தில். எஞ்சினைத் தாங்கும் மவுண்டின் மேல் போல்ட்டுகள் இரண்டிலும், ஃபயர்வால் என்ற முன் தடுப்புப் பலகைக்கும் மவுண்டுக்கும் நடுவே வாஷர் வைத்தால் எஞ்சின் கீழ்நோக்கிச் சாயும். இரண்டு மூன்று டிகிரிக்குள் அடங்கிவிடும். பைசா செலவில்லை.

எடையின் இன்னொரு தண்டனை இறங்கும்போது வரும். 8.6 கிலோ 11 கிலோவானால், ஸ்டால் வேகம், அதாவது இறக்கை தூக்குவிசையை இழந்துவிடும் வேகம், 13 சதவீதம் கூடும். பழக்கத்தில் பழைய வேகத்திலேயே திரும்பி இறங்கினால் ஒரு பக்க இறக்கை பொசுக்கென்று விழும். அதைத் தூக்க, இறக்கையின் பின்விளிம்பு மடலான எய்லரானை அசைத்தால், விழுந்த பக்கத்தில் எய்லரான் கீழிறங்கி அந்த இறக்கையை இன்னும் ஆழமாக ஸ்டாலுக்குள் தள்ளும். கை, வாலின் செங்குத்து மடலான ரடருக்குப் போக வேண்டும். கட்டும்போதே இறக்கை முனையின் முன்விளிம்பு இரண்டு டிகிரி கீழே பார்க்கும்படி முறுக்கி வைத்தால், முனைக்கு முன்பே நடுப்பகுதி ஸ்டாலாகி எச்சரிக்கை தரும்.

எஞ்சினே தடுமாறும் நேரமும் உண்டு. தரையில் நன்றாக ஓடிய பெட்ரோல் எஞ்சின், மூக்கு உறையைப் போட்டுப் பறக்கவிட்டதும் காற்றில் இளைக்கும், அதாவது பெட்ரோல் போதாமல் தவிக்கும். பலர் கார்புரேட்டரைக் கழற்றி எறியத் தயாராவது இங்கேதான். இந்த எஞ்சின்களில் இருக்கும் வால்ப்ரோ வகைக் கார்புரேட்டரில் மிதவை கிடையாது. மெல்லிய டயஃப்ரம் ஒன்று இருக்கிறது. அதன் ஒரு பக்கம் பெட்ரோல். மறுபக்கம் மூடித்தட்டில் உள்ள சிறு ஓட்டை வழியாக வெளிக்காற்று. எஞ்சின் பெட்ரோலை உறிஞ்சும்போது வெளிக்காற்றின் அழுத்தம் டயஃப்ரத்தை உள்ளே தள்ளி, ஊசியைத் திறந்து, அடுத்த பெட்ரோலை விடும். எவ்வளவு விடுவது என்பதைத் தீர்மானிப்பது அந்த வெளி அழுத்தம்தான். மூக்கு உறைக்குள் காற்று சுழன்றடிக்கிறது; ஓட்டைக்கு வெளியே அழுத்தம் குறைந்தால் பெட்ரோலும் குறையும். பெட்ரோலோடு கலந்துதான் ஆயிலும் போகிறது என்பதால், இளைத்து ஓடும் எஞ்சின் சூடேறுவதோடு உயவும் இல்லாமல் பிஸ்டன் இறுகிப்போகலாம்.

தரையில், கார்புரேட்டருக்கு வெளியே உள்ள திருகு ஊசியைத் திருகித் திருகி இதைத் தீர்க்க முடியாது. மூடித்தட்டின் ஓட்டையில் சிறு பித்தளைக் குழாய் ஒன்றை இறுக்கி, எரிபொருள் டியூப் ஒன்றை அதில் மாட்டி, ஃபயர்வாலைத் தாண்டி காற்று அசையாத உடற்பகுதிக்குள் கொண்டுபோய் விட வேண்டும். பிறகு, முழு வேகத்துக்கான பெட்ரோலை அளக்கும் ஹை ஸ்பீடு திருகு ஊசியை, உச்ச சுற்று வரும் இடத்திலிருந்து சற்றே அதிகப் பெட்ரோல் பக்கம் திருப்பி வைக்கலாம். காற்றில் ப்ரொப்பெல்லரின் சுமை குறைந்து சுற்று தானே கொஞ்சம் ஏறும். அந்த ஏற்றத்துக்கு வேண்டிய பெட்ரோல் அப்போது கையிருப்பில் இருக்கும்.